காம்பராவுக்கு ஒரு பேர்

தெல்கஸ்கந்தைத் தோட்டம் என்பது ஆபீஸ் பலகையில் உள்ள பேர். யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் போய் அப்படிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஈரப்பலாத் தோட்டம் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். அங்கே மே மாதம் மழை பிடித்தால் எப்போது விடும் என்று சொல்ல யாராலும் முடியாது. றப்பர் மரத்துப் பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்ட ஏலாது. பால் வெட்டாத நாளுக்குச் சம்பளமும் முழுசாக இல்லை. ஆகவே மழைக்காலத்தில் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயங்களில் உடம்பெல்லாம் அசதியும் வாயெல்லாம் பேச்சுமாக இருக்கும். 2004ஆம் வருஷத்து மழைக்கு அவர்களுக்குப் பேசக் கிடைத்த விஷயம் கிருஷ்ணகுமாரி.

கிருஷ்ணகுமாரிக்கு நாற்பது வயது. தோட்டத்து நர்சரியில் ஒட்டுக் கட்டுகிறவள். விதையிலிருந்து முளைத்த றப்பர்க் கன்றை அப்படியே வளரவிட்டால் அது பால் தந்தாலும் தரும், ஏமாற்றினாலும் ஏமாற்றும். அதனால் நல்ல பால் மரத்துக் கிளையிலிருந்து ஒரு முளைக்கண்ணைப் பட்டையோடு எடுத்து, கன்றின் அடித்தண்டில் பட்டையைத் திறந்து உள்ளே வைத்து, பொலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலே சுற்றிக் கட்டுவார்கள். கண் உயிர் பிடித்ததா இல்லையா என்பது மூன்று வாரம் கழித்து நாடாவை வெட்டினால்தான் தெரியும். நகத்தால் கீறிப் பார்த்தால் பச்சை தெரிய வேண்டும். கறுப்புத் தெரிந்தால் செய்த வேலை வீண். கண்ணின் உட்பக்கத்தில் விரல் பட்டால் போச்சு, வியர்வை விழுந்தால் போச்சு, மழைத்தண்ணீர் ஒரு சொட்டு இறங்கினாலும் போச்சு. இத்தனை போச்சுகளுக்கு நடுவே குனிந்தபடியே இருபது வருஷத்துக்கு மேல் கழித்துவிட்டாள். நிமிரச் சொன்னால் இப்போதெல்லாம் இடுப்பு அவள் பேச்சைக் கேட்பதில்லை.

அந்த நர்சரிக்கு ஏப்ரல் கடைசியில் ஒருவர் வந்தார். முன்பு இரத்தினபுரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் துரையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் புதிதாக றப்பர் போடுகிற ஒரு கம்பெனிக்கு மேனேஜர். அங்கே காடு இருக்கிறதாம், மழை இருக்கிறதாம், வேலைக்கு ஆளும் இருக்கிறார்களாம். ஒட்டுக் கட்டுகிற கைதான் போதவில்லையாம். அந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு பேரை இரண்டு வருஷத்துக்குக் கூட்டிப்போக வந்திருந்தார். யார் கை நல்லது என்று பார்க்க நர்சரிப் பெண்கள் ஆளுக்கொரு வரிசை கட்டினார்கள். சனங்கள் அன்றைக்கே அவருக்குக் கானா துரை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"கானா எங்கடி இருக்கு? டுபாய்க்கு அங்கிட்டா, இங்கிட்டா?" என்று கேட்டாள் அடுத்த வரிசை இருளாயி.

"ரெண்டும் இல்ல. அது ஆப்பிரிக்காவாம்."

"ஆத்தாடி. சிங்கம் புலியெல்லாம் இருக்குமே."

"இங்க அட்டை கடிக்கிறத விடவா?" என்றாள் கிருஷ்ணகுமாரி. அப்போது அவளுக்கு அது வெறும் பேச்சுதான்.

மூன்று வாரம் கழித்து, தூறலில் குடை பிடித்துக்கொண்டு கானா துரை மறுபடியும் வந்தார். நாடாக்களை வெட்டி ஒவ்வொரு கண்ணாகக் கீறிக்கொண்டே போனார். கிருஷ்ணகுமாரி கட்டிய வரிசை கடைசிவரைக்கும் பச்சை. கீழே கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிற சோமலதாவின் வரிசையிலும் ஒன்றிரண்டுதான் கறுப்பு. மற்றவர்கள் வரிசையைப் பற்றி இங்கே எழுதி அவர்களை வருத்தப்படுத்துவானேன்.

கானா துரை குடையைத் தோட்டத்து மேனேஜரான பெரிய துரையிடம் கொடுத்துவிட்டு கிருஷ்ணகுமாரியிடம் வந்தார். அவர் பேசியது பழைய துரைமாரின் தமிழ்.

"நீ அங்க வந்து ஒட்டுக் கட்ட வேணாம். சொல்லிக் குடுக்கிறதுதான் உன்ட வேல. அங்க உனக்கு ட்ரெய்னர்னு பேரு. வெளங்குதா?"

"வெளங்குதுங்க" என்றாள். அவளுக்குச் சரியாக விளங்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அவள். இத்தனை வருஷத்தில் அவளைக் கட்டச் சொன்னவர்கள் உண்டு, இன்னும் வேகமாகக் கட்டச் சொன்னவர்கள் உண்டு. சொல்லிக்கொடு என்று கூப்பிட்ட ஆள் இவர்தான் முதல். லயத்துக்குப் போகிற வழி முழுக்க அந்த இங்கிலீஷ் சொல்லை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள். எதிரே வந்தவர்கள் அவளுக்குக் காய்ச்சல் என்று நினைத்திருக்கலாம்.

பெரிய துரைக்கு மட்டும் இதில் சந்தோஷமில்லை. நல்ல கை இரண்டும் கப்பல் ஏறிவிட்டால் தன் நர்சரி என்னாவது என்று முணுமுணுத்தார். கொழும்பில் மேலிடத்துக்காரர்கள் கானா கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால் அவரால் முணுமுணுக்கத்தான் முடிந்தது. அடுத்த வருஷம் தோட்டத்துக்குக் கன்று வெளியிலிருந்துதான் வரப்போகிறது என்று அப்போதே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் கிருஷ்ணகுமாரியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கிளாக்கர் மஹத்தயா நல்ல மனுஷர்தான். தமிழும் பேசுவார். ஆனால் சட்டம் பேசும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"ரெண்டு வருஷம் லீவு குடுக்க ஏலாது. அது வேற கம்பெனி. இங்க பேர் வெட்டிட்டுத்தான் போகணும்."

"வெட்டினா வந்து திரும்பப் பதியலாங்களா?"

"அது அப்போ பாக்கணும். இப்ப இருக்கிற கேள்வி அது இல்ல. உன்ட பேர வெட்டினா அந்தக் காம்பரா யாருட பேருல? வேல செய்ற ஆளு ஒன்னு உள்ளுக்கு இருந்தாத்தானே காம்பரா."

"வீட்டுக்காரர் இருக்காருங்களே."

"ராமச்சந்திரன் சேவைப்பணம் எடுத்துக்கிட்டுப் போனவர். அப்படிப் போனவங்கள திரும்ப எடுக்கிறதில்ல." கிளாக்கர் ஜன்னலைப் பார்த்தார். "மகள் இருக்குதானே. பதினெட்டு முடிஞ்சிருச்சு. அந்தப் புள்ளையிட பேரப் பதிஞ்சிட்டு நீ போ."

அவ்வளவுதான் விஷயம். லயத்துக் காம்பரா என்பது ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை. கிருஷ்ணகுமாரியின் மாமனார் காலத்திலிருந்து அதில் இருக்கிறார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது இவர்கள், அடுப்படிக்குத் தகரம் போட்டது இவர்கள். ஆனால் அது தோட்டத்துடையது. செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் அந்த வீட்டு ஆள் ஒருவர் பேர் நிற்கிறவரைக்கும்தான் இவர்கள் அதில் நிற்கலாம்.

அன்று சாயந்திரம் அவித்த ஈரப்பலாக்காயும் தேங்காய்ச் சம்பலும். கூரை ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்திருந்தது. சுமித்ரா அந்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். யட்டியாந்தோட்டையில் உயர்தரம் கலைப்பிரிவு, அடுத்த வருஷம் பரீட்சை. அவர்கள் லயத்திலிருந்து அந்த வகுப்புவரை போன பிள்ளை அவள்தான்.

ராமச்சந்திரன் சாப்பிட்டு முடிக்கிறவரை கிருஷ்ணகுமாரி காத்திருந்தாள். சாப்பாட்டு நடுவில் பேசினால் அவர் தட்டைத் தள்ளிவிடுவார். கோபக்காரர். பால் நிறுக்கிற இடத்தில் தன் பாலைக் குறைத்து நிறுத்தார்கள் என்று பழைய கணக்குப்பிள்ளையோடு சண்டை போட்டு, சேவைப்பணத்தை வாங்கிக்கொண்டு, இனி பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் கால் வைக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனவர். இப்போது கடைவீதியில் நிலாம் முதலாளியின் கடையில் மூட்டை தூக்குகிறார். அங்கேயும் நிறுவைதான். ஆனால் அது அவருடைய பால் இல்லை.

அவள் எல்லாம் சொன்னாள். அவர் வெற்றிலையை மடித்தார்.

"ரெண்டு வருசந்தானே. சுமியப் பதிஞ்சிட்டுப் போ" என்றார்.

"அவ படிக்கிறாங்க."

"படிச்சி? அந்த மேல் லயத்துப் பொடியன் படிச்சான். இப்ப கொழும்புல சாப்பாட்டுக் கடையில பில் போடுறான். ரெண்டு வருசம் கழிச்சிப் படிக்கட்டும். பொஸ்தகம் என்ன ஓடியா போயிரும்?"

"பொஸ்தகம் ஓடாது. நாமதான் ஓட மாட்டோம். என்னையும் எங்கப்பா ஒரு வருசத்துக்குன்னுதான் பதிஞ்சாரு. எனக்குப் பதினாறு வயசு. அண்ணனுக்குக் கால் ஒடைஞ்சிருக்கு, சும்மா ஒரு வருசம் பேருக்கு நின்னுட்டு வான்னாரு. இன்னமும் வந்துக்கிட்டே இருக்கேன்."

"அப்ப போகாத. யாரு ஒன்னையப் போகச் சொன்னா? காசு இல்லாமலா இருக்கோம்? சாப்புட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்."

கிருஷ்ணகுமாரி சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய சட்டியையே மறுபடியும் கழுவினாள்.

"காசுக்கு இல்லங்க" என்றாள். "காசும் வேணும்தான். ஆனா காசுக்கு மட்டும் இல்ல. எனக்குப் போகணும்னு இருக்கு."

சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. நாற்பது வயதுப் பொம்பிளை, கல்யாணத்துக்கு நிற்கிற வயதில் மகள், தனக்கு ஒன்று வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வது அந்த வீட்டில் நடந்ததில்லை. ராமச்சந்திரன் எழுந்து வெற்றிலையைத் துப்பப் போனார்.

சுமித்ரா புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள். "நான் பதியிறேன்மா. நீங்க போங்க."

"ஒன்ன யாரும் கேக்கல. படி" என்றாள் கிருஷ்ணகுமாரி. மகள் அப்படிச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை, பயமாகத்தான் இருந்தது. தானும் அன்றைக்கு இதே மாதிரித் தலையை எடுக்காமல்தான் சரி என்று சொன்னாள்.

மறுநாள் நர்சரியில் அவள் சோமலதாவிடம் தான் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வது சிங்களத்தில். சோமலதா கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"அக்கே, உனக்கென்ன பைத்தியமா? நீ வராமல் நான் தனியாகவா போவேன்?"

"உனக்கு வீடு உன்னுடையது. நீ பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகலாம். வந்து திறக்கலாம். எனக்கு அப்படி இல்லை."

"என் வீட்டுக்கு உன் புருஷனும் மகளும் வரட்டும். இரண்டு வருஷம் இருக்கட்டும்."

"பிறகு?"

காம்பராவை ஒரு தடவை விட்டால் அதற்கு வரிசையில் வேறு குடும்பம் காத்திருக்கிறது என்று சோமலதாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே பாத்தியில் எதிரெதிராகக் குந்தி, ஒரே கத்தியைத் தீட்டுக்கல்லில் மாற்றி மாற்றித் தீட்டியவர்கள். வேலையில் கிருஷ்ணகுமாரி கை ஒரு பிடி கூடத்தான். ஆனால் பிளேன் ஏறுவதற்குக் கை மட்டும் போதவில்லை.

"நான் போய் கானா துரையிடம் சொல்கிறேன், எங்கள் அக்கா வராவிட்டால் நானும் இல்லையென்று."

"அப்படிச் செய்யாதே. ஒருத்தியாவது போ" என்றாள் கிருஷ்ணகுமாரி.

அதே வாரம் யட்டியாந்தோட்டையில், நிலாம் முதலாளியின் கடைக்குக் கணக்குப்பிள்ளை சுரேந்திரன் கருவாடு வாங்க வந்தான். சண்டை போட்ட பழைய கணக்குப்பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகு வந்தவன் அவன். வயது முப்பதுக்குள். ராமச்சந்திரன் பருப்பு மூட்டையை இறக்கி வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ராமச்சந்திரண்ணே, அக்கா போகலன்னு கேள்விப்பட்டேன்."

"அது வீட்டு விசயம்."

"வீட்டு விசயந்தான். நான் தோட்டத்து விசயம் சொல்றேன். கீழ் ப்ளொக்குல மரமெல்லாம் வெட்ட ஆளில்லாம சும்மா நிக்குது. பொடியன்மாரு எல்லாம் கொழும்பு, கட்டார்னு போயிட்டானுக. தொரை எனக்குத்தான் ஏசுறாரு. பட்டையப் பாழாக்காம வெட்டுற கை ஒங்களுதுன்னு பழைய ஆளுக எல்லாம் சொல்றாங்க."

"என்னைய எடுக்க மாட்டாங்கன்னு கிளாக்கர் சொல்லியாச்சு."

சுரேந்திரன் குரலைத் தாழ்த்தினான். "ஒங்க பேர எடுக்க மாட்டாங்க. சுமித்ரா பேரப் பதிங்க. அவ ஸ்கூலுக்குப் போகட்டும். காலையில பேர் கூப்பிடுறப்ப நீங்க வந்து நில்லுங்க. மரத்த நீங்க வெட்டுங்க. பால் வந்து சேந்தா தொரை மொகத்தைப் பாக்க மாட்டாரு."

தோட்டத்தில் ஒருவர் பேருக்கு இன்னொருவர் போவது புதுசு இல்லை. பிள்ளை பெற்றவளுக்காக அவள் அம்மா போவாள். காய்ச்சல்காரிக்காகத் தங்கச்சி போவாள். பேர் நின்றால் சரி என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஆனால் ஒரு பொம்பிளைப் பிள்ளை பேருக்கு மீசை வைத்த ஆண்பிள்ளை போனதாக அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

"என்னா கணக்குப்புள்ள, வெளையாடுறீங்களா?" ராமச்சந்திரனுக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. "எம்மக பேருல நான் போயி நிக்கணுமா? அந்தக் களத்துல? எல்லாரும் பாத்துச் சிரிக்கவா?"

சுரேந்திரன் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கல்லாவில் இருந்த நிலாம் முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அந்தப் பொடியன் செல்றதும் கூடாத கத இல்லையே" என்றார்.

"நீங்களுமா மொதலாளி?"

"எங்கட புவாட்டப் பாருங்க. என்ட தங்கச்சிட மகன். கேகாலைல படிச்சி வயர் வேல எல்லாம் பழகினான். மாஷா அல்லாஹ், தங்கமான கை. இப்ப கட்டார்ல. கடைல ஒரு பல்பு பத்தல்லன்டா நான் அவிசாவளைலேந்து ஆள் கொண்டர வேண்டி இரிக்கி. தங்கச்சிக்கிச் சல்லி வருது, வீட்டுக்கு மேல் தட்டும் போட்டாச்சி. ஆனா அவட மாப்புள சுகமில்லாம கெடந்த நேரம் ஆஸ்பத்திரிக்கித் தூக்கிட்டுப் போனது ஆரு? நான்தான். போற ஆளுக்கு ஒரு பாரம் ஈந்தா, நிக்கிற ஆளுக்கும் ஒன்னு ஈக்கத்தான் செய்யும்."

"நான் மாட்டேன்னு சொல்லல மொதலாளி. அந்தக் களம்..." என்று இழுத்தார் ராமச்சந்திரன்.

"காலைல பால் வெட்டிட்டுப் பகலக்கிப் பொறவு கடைக்கி வாங்க. மூட்டை எங்கயும் ஓடிரப் போறதில்ல" என்றார் முதலாளி. பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளமாகத் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

ராமச்சந்திரன் அன்று பஸ்ஸில் ஏறவில்லை. மழையில் நடந்தே வந்தார். பாலத்துக்குக் கீழே களனி கங்கை மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. வந்து கால் கழுவிவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்தார். தேத்தண்ணியைக் குடித்தார்.

"என் வெட்டுக் கத்தி எங்க?" என்றார்.

"அதுலதான் அடுப்புக்குச் சிராய் சீவுறோம். ஏன்?"

"சிராய் சீவுறதுக்கா எங்கப்பா அதை வாங்கிக் குடுத்தாரு? எடுத்து வை. தீட்டணும்."

பிறகு சுரேந்திரன் சொன்னதை, யாரையோ ஏசுகிற மாதிரியான குரலில் சொல்லி முடித்தார். கிருஷ்ணகுமாரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுப்படியிலிருந்து சுமித்ரா வெளியே வந்தாள்.

"அப்ப செக்ரோல்ல என் பேரு இருக்குமா?"

"பேருதானே" என்றார் ராமச்சந்திரன்.

"பேருதானேன்னு சொல்லாதீங்கப்பா. என்கிட்ட இருக்கிறது அது ஒன்னுதான். நாளைக்கி டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டா, நீ தோட்டத்துல வேல செஞ்ச ஆளுதானேன்னு கேப்பாங்க. கங்காணி வந்து, உள்ள ஆள் கொறையுது, நீயே வான்னு கூப்பிட்டா என்ன செய்றது? ஒங்களுக்குக் காய்ச்சல் வந்தா யாரு போறது? நான்தானே?"

அந்தப் பிள்ளை கேட்டது எல்லாமே நியாயம்.

"காய்ச்சல் வராது" என்றார்.

"காய்ச்சல் ஒங்களக் கேட்டுக்கிட்டா வரும்?"

"வந்தாலும் போவேன். ஒன்னைய நான் மரத்துக்கு அனுப்ப மாட்டேன் சுமி. நாளைக்கி யாராச்சும் கேட்டா, வெட்டினது எங்கப்பான்னு சொல்லு. எங்க வேணும்னாலும் வந்து நான் சொல்றேன்."

சுமித்ரா அழுதாள். அழுதுகொண்டே சரி என்றாள். கிருஷ்ணகுமாரிக்கு ஒன்று மட்டும் புரிந்தது. தான் போவதற்காக இந்த வீட்டில் மகள் தன் பேரையும் புருஷன் தன் வீராப்பையும் விட்டுக்கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அவள் சொல்லவில்லை. அவளுக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. அதற்காகத் தன்னையே அவள் கொஞ்சம் வெறுத்தாள்.

"இவ்வளவும் எதுக்குங்க செய்றீங்க?" என்று பிறகு அவரிடம் கேட்டாள்.

"நீதானே போகணும்னே."

பாஸ்போட்டுக்கும் மெடிக்கலுக்கும் கொழும்புக்கு அலைந்ததில் ஜூன் போனது, ஜூலையும் பாதி போனது. பிறப்புச் சான்றிதழில் அவள் அப்பா பேர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்ததைச் சரிசெய்யச் சோமலதாவின் தம்பிதான் அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்தான். லயத்துச் சனங்கள் ஒருநாளைக்கு ஒருவராக வந்து மிளகாய்த்தூளும் கருவாட்டுப் பொட்டலமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். இருளாயி ஒரு கட்டு விபூதி கொடுத்தாள், சிங்கத்துக்காக.

புறப்படுகிற நாள் திங்கட்கிழமையாக அமைந்தது. கிருஷ்ணகுமாரியின் பேரை வெட்டி, சுமித்ராவின் பேரைப் போட்டதும் அந்தத் திங்கட்கிழமையிலிருந்துதான். கொழும்புக்குப் போகிற வேன் விடியற்காலையிலேயே பக்டரி முற்றத்துக்கு வந்து நின்றது. சோமலதா முன்னாடியே ஏறி உட்கார்ந்திருந்தாள். அந்த முற்றம்தான் பெரட்டுக்களம். தினமும் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடம். வேனை வழியனுப்பச் சின்னத்துரையும் வந்திருந்தார். பெரிய துரைக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்து மாதம் ஆகாத பொடியன்.

ராமச்சந்திரன் பையை வேனுக்குள் வைத்தார். "சாப்பாட்டைப் பாத்துச் சாப்பிடு. இடுப்புக்கு எண்ண போடு" என்றார். அவ்வளவுதான். துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு, பால் வாளியோடு போய் ஆண்கள் வரிசையின் கடைசியில் நின்றார். மழை விட்டிருந்தது. மரங்களின் பட்டை காய்ந்திருந்தது.

சுரேந்திரன் பேர் கூப்பிட ஆரம்பித்தான். முதலில் ஆண்கள் பேர். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகக் கத்தியும் வாளியுமாக மலையேறிப் போனார்கள். இந்த ஒன்றை ராமச்சந்திரன் யோசித்திருக்கவில்லை. யாருமே யோசித்திருக்கவில்லை. சுமித்ராவின் பேர் பெண்கள் பகுதியில் இருந்தது. ஆண்கள் எல்லோரும் போய், வரிசை கரைந்து, களத்தில் பெண்களுக்கு மத்தியில் அவர் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். துவாயை அவிழ்த்துக் கையில் எடுத்தார். மறுபடியும் கட்டினார்.

கிருஷ்ணகுமாரி வேன் ஜன்னலில் இருந்து பார்த்தாள். வெள்ளை யூனிபோமில் சுமித்ரா வேனுக்குப் பக்கத்தில் நின்றாள். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

சின்னத்துரை பக்கத்திலேயே நின்றதால் சுரேந்திரனால் அந்தப் பேரைத் தாண்டிப் போக முடியவில்லை.

"சுமித்ரா" என்றான், தலையைத் தூக்காமல்.

சுமித்ராவின் வாய் தானாகத் திறந்து மூடியது.

"சுமித்ரா."

சின்னத்துரை நிமிர்ந்து பெண்கள் வரிசையைப் பார்த்தார். "கவுத சுமித்ரா?" என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு தன் தமிழில், "சுமித்ரா யாரு?" என்றார்.

ராமச்சந்திரன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"நான்தாங்க" என்றார்.

ஒரு பெண் சிரிக்கப் போனாள். இருளாயி அவள் கையைக் கிள்ளினாள். சின்னத்துரை அவர் மீசையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், சுரேந்திரனைப் பார்த்தார். சுரேந்திரன் காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சின்னத்துரைக்கு என்ன விளங்கியதோ, ஆளில்லாமல் நிற்கிற கீழ் ப்ளொக்கு மரங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தனவோ, "ஹரி, யன்ன" என்றார். சரி, போ என்று அர்த்தம்.

கிருஷ்ணகுமாரி வேன் கதவைத் திறக்கப் போனாள். சோமலதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சுமித்ரா வெளியிலிருந்து கதவை அழுத்திச் சாத்தினாள்.

"எறங்காதீங்கம்மா. அப்பா சொல்லிட்டாரு. இனி நீங்க எறங்கினா அவரு சொன்னது வீணாப் போயிரும்."

வேன் கிளம்பியது. கிருஷ்ணகுமாரி முகத்தை மூடிக்கொண்டு, நர்சரி வளைவு வருகிறவரைக்கும் சத்தமாகவே அழுதாள். சுமித்ரா புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அவளுடைய அப்பா, அவள் பேரில், வாளியைத் தூக்கிக்கொண்டு கீழ் ப்ளொக்குக்கு நடந்தார்.